நிற்கச் சொன்ன புத்தகம்

— கையெழுத்தா? பதினொரு வருசமா பெருவெரல் அடிச்சுச் சம்பளம் வாங்கின என் புருசனுக்கு எங்கருந்து கையெழுத்து வரும்? மாசாமாசம் அந்த மைப் பொட்டிய நீட்டினவளே நீதானே, ஆஸிகா மிஸ்?

— பெருவிரல் அடிச்சாலும் காணும், அதே போதும் எண்டுதான் மொதலாளி சொல்லியனுப்பின, பாலம்மாக்கா.

— பெருவெரல் காணுமாம்! காலை எடுத்தாச்சு, இப்ப வெரலுக்கும் ஆள் அனுப்பியிருக்காரா ஒங்க ஷாமில் மொதலாளி?

— மெதுவாக் கதைங்க அக்கா. கறுப்பையாண்ணன் உள்ளுக்கு நித்திர எண்டு இப்பதானே சொன்ன.

— மருந்து குடிச்சா இடி விழுந்தாலும் முழிக்க மாட்டாரு. முழிச்சும் எங்க போகப் போறாரு? படி, அதுல என்னா எழுதியிருக்குன்னு. கெலிஓயாவுலருந்து ரெண்டு பஸ் மாறி, இந்த மஹய்யாவ ஏத்தத்துக்கு த்ரீவீலும் புடிச்சு, ஞாயித்துக்கெழமயும் அதுவுமா வந்திருக்க. படிக்காம போனா பஸ்காசு பாவம்.

— "கறுப்பையா ஆகிய நான், எனது சுகவீனம் காரணமாக, தளபாடக் கடையின் காவலாளி வேலையிலிருந்து எனது சுயவிருப்பின் பேரில் விலகிக்கொள்கிறேன். எனது வலது கால் அகற்றப்பட்டதற்கும் எனது வேலைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லையென இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."

— சுயவிருப்புன்னா?

— தன்ட சொந்த விருப்பத்துல எண்டு.

— ஆமா, முழங்காலுக்குக் கீழ இருக்குறது வெறும் பாரமா இருக்குன்னு அவரே ஆசப்பட்டு எறக்கி வச்சுட்டாரு. யாரு எழுதினது, நீயா?

— மொதலாளி சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணின. கீழ இன்னொரு வரியும் ஈக்கி. "நிறுவனம் எனக்குக் கற்றுத்தந்த வாழ்க்கைப் பாடங்களுக்கு மனமார்ந்த நன்றி."

— தூ!

— அக்கா...

— ஒன்னைய இல்ல. அந்த வரிய. பாடமாம், மண்ணாங்கட்டி. நீயே சொல்லு புள்ள. ரெண்டு வருசமா வெள்ளிக்கெழம காலையில, கடை தொறக்க முந்தி, சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல நம்ம எல்லாரையும் வட்டமா நிக்க வச்சு முன்னேற்றப் பாடம்னு எடுத்தாரே. டீ ஊத்துற நானும் நின்னேன், லொறிக்காரன் ஃபாஸிலும் நின்னான், கேட்டுக் காவலுக்கு நிக்கிற எங்க ஆளும் நின்னாரு. யாராவது ஒரு சாண் முன்னேறினோமா?

— நல்லதும் ஈந்ததுதானே அக்கா. வெள்ளனக்கே எழும்புற பழக்கம், நேரத்த வீணாக்காம...

— வெள்ளன எந்திரிக்கிறத என்கிட்ட சொல்லாத. நாலே முக்காலுக்கு எந்திரிக்கிறேன்னு ஒரு நாளு நெஞ்ச நிமித்திச் சொன்னாரு பாரு, காட்டுல பன்னெண்டு வருசம் தவம் கெடந்து வந்தவரு மாதிரி. ஒடனே எல்லாரும் கைத்தட்டு. இங்க இந்த வீட்டு வரிசைக்கே ரெண்டு பைப்புதான். நாலு மணிக்கு நான் வாளியோட போய் நிக்கலன்னா அன்னைக்கு வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. முப்பது வருசமா நிக்கிறேன். எவனாச்சும் எனக்குக் கைத்தட்டினானா? வெள்ளன எந்திரிக்கிறவன் எல்லாம் பணக்காரனாகுறதுன்னா மஹய்யாவயில ஒருத்தன் காரில்லாம இருப்பானா?

— சிரிக்கப்படாது, ஆனா ஒண்டு சொல்றேன். அவர்ட உம்மா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். குண்டசாலையில அவங்கட ஊட்டுக்குப் போனா எனக்கிட்ட சொல்லிச் சொல்லிக் கவலப்படுவா. "சுபஹுத் தொழுகைக்கு எழும்புடா மகன் எண்டு முப்பது வருஷம் கெஞ்சின, எழும்பல்ல. எவனோ புத்தகத்துல எழுதினான் எண்டதும் எழும்பிட்டான். எழும்பி என்ன செய்றான்? மணிக்கூட்டப் படம் புடிச்சி ஃபோன்ல போடுறான். தொழுறானா எண்டு மட்டும் கேக்காத புள்ள" எண்டு.

— அப்பிடிச் சொல்லு! நன்றிக் கொப்பி ஞாபகம் இருக்கா? ஆளுக்கொரு கொப்பி, அட்டையில சூரியன் வர்ற படம். தெனமும் நன்றி சொல்ல மூணு விசயம் எழுதணும்னாரே?

— அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்ல வாய் போதும், கொப்பி எதுக்கு எண்டு ஃபாஸில் நானா கேட்டாரே. அன்டைக்கு மொதலாளிட மூஞ்சப் பாக்கணும்.

— எங்க ஆளுக்கு எழுத வராது. ஃபாஸிலுதான் எழுதிக் குடுப்பாப்ல. "இன்டைக்கு என்ன நன்றி, கறுப்பையாண்ணே?" "சோறு." "ரெண்டாவது?" "சோறுதான்." "மூணாவது?" "நெத்தலி இருந்துச்சு, நெத்தலின்னு போடு." மூணு மாசம் இதே கதை. அந்தக் கொப்பிய எடுத்து வட்டத்துக்கு நடுவுல வாசிச்சு, கறுப்பையாகிட்ட எளிமையக் கத்துக்குங்கன்னாரு. எளிமையாம்! மறுவாரமே பேத்திக்குக் காது குத்துன்னு ஒரு நாள் லீவு கேட்டாரு. அந்த எளிமைக்கு லீவு கெடைக்கல.

— அது எனக்குத் தெரியும். லீவுத் துண்டுல "முன்னுரிமைகளை மீளாய்வு செய்க" எண்டு எழுதித் திருப்பியனுப்பின.

— கக்கூசுக் கதை ஒனக்குத் தெரியுமா?

— இல்லையே.

— கடைக்குப் பின்னால இருக்குற கக்கூசு அடைச்சு, தண்ணி வெளிய வருது. நான் ஓடிப் போயி, மொதலாளி, ஒரு பிரச்சினைன்னேன். கைய ஒசத்தினாரு. "பாலம்மா, எங்கட கடையில பிரச்சினை எண்ட சொல்லே இல்ல. வாய்ப்பு எண்டு சொல்லுங்க." சரின்னு சொன்னேன்: மொதலாளி, கக்கூசுலருந்து வாய்ப்பு பொங்கி வருது, மெத்தை அடுக்குன எடம் வரைக்கும் வந்துருச்சு, ஒரு எட்டு வந்து பாருங்க.

— அல்லாஹ்வே! மெய்யாவா சொன்ன?

— சத்தியமா. மனுசன் சிரிக்கக்கூட இல்ல. "இதுதான் மனமாற்றம்"னு சொல்லிட்டு, மூக்கப் பொத்திக்கிட்டுக் காருல ஏறிப் போயிட்டாரு. வாய்ப்ப அள்ளிக் கழுவினது நானு.

— எனக்கு வயிறு நோவுது, அக்கா.

— சிரி, சிரி. நானும் அப்ப சிரிச்சேன். கேணத்தனம்னு சிரிச்சிக்கிட்டே இருந்துட்டோம், அதான் நம்ம செஞ்ச தப்பு. கேணனுக்கு ஒரு கடையும் நாலு ஆளும் கையில இருந்தா அது சிரிக்கிற விசயம் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அப்ப என்னா கொண்டு வந்தாருன்னு தெரியுமா?

— தெரியும்.

— ஒரு தோடம்பழம் கொண்டு வரல. ஒரு பால்மா பக்கட்டு கொண்டு வரல. புத்தகம்! ரெண்டு காலும் இல்லாத எவனோ மலையேறினானாம், அந்தக் கதை. எழுத்துத் தெரியாத மனுசன் நெஞ்சு மேல அத வச்சு, பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டாரு. "கறுப்பையா, இதுவும் ஒரு தொடக்கம்தான்"னாரு. மயக்கம் தெளியாம கெடக்குறவருகிட்ட. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தப் புத்தகத்தாலயே...

— அத நான்தான் கடைக்குப் போய் வாங்கின. பழம் வாங்கவா எண்டு கேட்டேன். பழம் ரெண்டு நாளையில அழுகும், சிந்தனை அழுகாது எண்டு சொன்ன.

— சிந்தனை அழுகாது. எங்க ஆளு காலு அழுகிருச்சு. இதுல பெரிய கூத்து என்னான்னா, மொதலாளி அந்தப் புத்தகங்களப் படிச்சதே இல்ல. படிச்சுக் கெட்டான்னா, சரி போகட்டும்னு விடலாம். அவரு மேசையத் தெனமும் தொடைக்கிறவ நானு. பாதிப் புத்தகத்துல பொலித்தீன்கூட பிரிக்கல. மீதிப் பாதி மட்டும் தேஞ்சு கெடக்கும். ஓரத்துல பென்சில் கோடு, பக்கத்துக்கு நடுவுல பஸ் டிக்கட்டு, மோந்து பாத்தா பால்மா வாசன. காரு வச்சிருக்குறவருக்கு எங்கருந்து பஸ் டிக்கட்டு வந்துச்சுன்னு நான் யோசிச்சிருக்கேன்.

— அது என்ட டிக்கட்டு, அக்கா. பால்மா என்ட மகள்ட.

— என்னா சொல்ற?

— அவர் படிக்கிறல்ல. நான்தான் படிக்கிற. வியாழக்கிழம பின்னேரத்துக்கு முந்தி ஒரு புத்தகத்தப் படிச்சி முடிச்சி, அஞ்சு பாடமா சுருக்கி, ஒரு பக்கத்துல டைப் பண்ணி அவர்ட மேசையில வெக்கோணும். வெள்ளிக்கிழம அதத்தான் தான் படிச்ச மாதிரி சொல்லுவார்.

— ரெண்டு வருசமாவா?

— ரெண்டு வருசமா. பஸ்ஸுல நிண்டுகொண்டு படிச்ச. மகளுக்குப் பால் கரைச்சிக் குடுத்துகொண்டு படிச்ச. அவள்ட வாப்பா கத்தார்ல. ஊட்டுல புள்ளையப் பாக்கவும் நான்தான், இத எழுதவும் நான்தான்.

— அடக் கடவுளே! "நேத்து ராத்திரி ஒரு புத்தகம் என்னையத் தூங்க விடல"ன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னாரே ஒரு நாளு?

— தூங்காம ஈந்தது நான்.

— நாசமாப் போச்சு! ஒன் கண்ணு முழிச்சதுல அவரு அறிவாளி, எங்க ஆளு நெத்தலியில அவரு எளிமை, நான் கழுவினதுல அவரு மனமாற்றம். சொந்தமா, தன் கையால, அந்த மனுசன் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். வாசல்ல எங்க ஆளு உக்காந்திருந்த கதிரைய எடுத்தாரு.

— அந்தக் கதைய விடுங்க, அக்கா.

— ஏன் விடணும்? நீ மேல ஒபிஸ்ல இருந்தவ. வாசல்ல நடந்தது ஒனக்கு முழுசாத் தெரியாது. இந்தக் காயிதத்துல பெருவெரல் கேட்டு வந்திருக்கேல்ல? எந்தக் காலப் பத்தி எழுதியிருக்கன்னு கேட்டுட்டுப் போ.

— சொல்லுங்க.

— ஆடி மாசம். பெரஹர ஊர்வலத்துக்கு ரெண்டு வாரம் இருக்கு, டவுன் பூரா சனம். அந்த வெள்ளிக்கெழம வட்டத்துல நாலு பாடம் சொல்லி முடிச்சாரு, ஒண்ணும் புதுசில்ல. அஞ்சாவதுக்குக் கொரல ஏத்தினாரு. "வாசலில் இருப்பவன் உட்கார்ந்தால் அந்த வியாபாரமே உட்கார்ந்துவிடும். நிமிர்ந்து நிற்பவனையே உலகம் மதிக்கும்." எல்லாரும் கைத்தட்டினோம். நீயும் தட்டின. நானும் தட்டினேன். எங்க ஆளு எல்லாருக்கும் மேல தட்டினாரு. தன் கதிரையத்தான் சொல்றாங்கன்னு அவருக்குத் தெரியாதே! வட்டம் கலைஞ்ச ஒடனே, மொதலாளியே வாசலுக்குப் போயி, அந்தக் கதிரையத் தன் கையால தூக்கிக் கொண்டு போயி மேல ஸ்டோர்ல போட்டாரு. கை ஒடைஞ்ச பழைய கதிரை. அதுக்குப் பதிலா ஒரு சோடி சப்பாத்துக் குடுத்தாரு, கறுப்பு, கணுக்கால் வரைக்கும். நிக்கிறவன் மதிப்பா நிக்கணும்ல? காலையில எட்டு மணியிலருந்து ராவு ஏழு வரைக்கும் நின்னாரு. பெரஹர நாளையில ஒம்பது, ஒம்பதரை. அறுபத்தி மூணு வயசு. சீனி வருத்தம். உள்ளுக்குள்ள கடை நெறையக் கதிரை இருக்கு புள்ள. சாப்பாட்டு மேசைக் கதிரை, சாய்மனைக் கதிரை, ஆடுற கதிரை. நான் எண்ணிப் பாத்தேன், நூத்தி இருவதுக்கு மேல. வெலைத் துண்டு கட்டி, தூசி தட்டி, யாரும் உக்காராம. வாசல்ல நிக்கிறவனுக்கு ஒண்ணு இல்ல.

— அவர் கேக்கல்லையா?

— கேட்டாரே. அந்த மனுசன் வாய் தொறந்து கேக்குற ஆளா? ஆனாலும் கேட்டாரு. மொதலாளி, பகலைக்கு ஒரு பத்து நிமிசம் உக்காரட்டுமான்னு. என்னா பதில் தெரியுமா? "உங்கட கால் களைக்கல்ல கறுப்பையா, உங்கட மனசுதான் களைச்சிருக்கு." நான் பொறுக்காம ஒரு பெயிண்டு வாளியக் கவுத்து மறைவா வச்சேன். ரெண்டாம் நாளே கேமராவுல பாத்துட்டாரு. அந்த வாளிய எங்க ஆளு கையாலயே குப்பையில போட வச்சாரு.

— அது எனக்குத் தெரியா. அல்லாஹ் மேல ஆணையா, வாளி வெச்சது எனக்குத் தெரியா, அக்கா.

— இன்னும் இருக்கு. சீனி வருத்தக்காரனுக்குக் காலுல உணர்ச்சி மந்தம். அந்தச் சப்பாத்துல அடியிலருந்து ஒரு ஆணி மேல வந்திருக்கு. ஆணி குத்துது, இவருக்குத் தெரியல. எத்தன நாளோ. வீட்டுக்கு வந்து காலுறையக் கழட்டாமலே படுத்துருவாரு, அவ்வளவு அசதி. ஒரு நாளு வாடை வருது. எலி எதுவும் செத்துக் கெடக்கான்னு நான் கட்டிலுக்கு அடியில தேடுறேன். கட்டிலுக்கு மேல இருந்து வந்துருக்கு அது.

— போதும், அக்கா.

— போதாது. மொதல்ல ரெண்டு வெரலுன்னாங்க. பொறகு பாதம்னாங்க. பொறகு முழங்காலுக்குக் கீழன்னாங்க. பொண்ணு நிரோஷாதான் தாளுல கையெழுத்துப் போட்டா. இவ்வளவு நாளு ஏன் நிக்க விட்டீங்கன்னு டாக்டரு என்னைய ஏசினாரு. நான் என்னாத்தச் சொல்றது? நின்னா ஒலகம் மதிக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு டாக்டர்னா? மயக்கம் தெளிஞ்சதும் எங்க ஆளு மொதல்ல என்னா கேட்டாரு தெரியுமா? "இனிம நிக்கச் சொல்ல மாட்டாங்கல்ல பாலம்மா?" அழாத. ஒன் அழுகைய வச்சு நான் என்னா செய்ய? கடுதாசியக் கொண்டு வந்தவ அழுதா, அனுப்பினவருக்கா வலிக்கும்?

— பெருவிரல் வெக்க வாணாம், அக்கா. நீங்க ஊட்டுல இல்ல எண்டு நான் போய்ச் சொல்றேன்.

— பெரிய உபகாரம்! நீ சொல்லலன்னாலும் வைக்கப் போறதில்ல. நாங்க லேபர் ஒபிஸ்ல முறைப்பாடு குடுத்தாச்சு. அது தெரிஞ்சுதானே அவசரமா ஒன்னைய ஓட்டியிருக்காரு?

— ஓ. ரெண்டு வாரத்துக்கு முந்தி ஒரு வியாழக்கிழம அங்கேந்து கடிதம் வந்த. அதுக்குப் பொறகு அவர் ஒரு பாடமும் எடுக்கல்ல.

— எடுக்க மாட்டாரு. ஆனா நாக்கு மட்டும் நல்லா ஓடுது. அங்க என்னா எழுதிக் குடுத்திருக்காருன்னு கேளு. நான் யாரையும் நிக்கச் சொல்லி உத்தரவு போடல, ஒலகம் பூரா படிக்கிற ஒரு புத்தகத்துலருந்து ஒடம்புக்கு நல்லதுன்னு ஒரு ஆலோசன வாசிச்சுக் காட்டினேன், எல்லாரும் கைத்தட்டி ஏத்துக்கிட்டாங்கன்னு. அங்க விசாரிக்கிற நோனா, அந்தம்மா நல்ல மனுசி. சிங்களத்துல சொன்னத நிரோஷாதான் எனக்குச் சொன்னா. "பொத்த கேன்ன"ன்னாங்களாம். அந்தப் புத்தகத்தக் கொண்டு வாங்க, அதுல அப்பிடி இருக்கா இல்லையான்னு பாப்போம், இல்லன்னா அது அவரு போட்ட உத்தரவுதான், பொறகு அவரு தப்ப முடியாதுன்னு.

— புத்தகத்தக் கேட்டாங்களா?

— அதான் சொல்றேன். சுவத்துல ஒட்டியிருந்த பாடத் தாள் எல்லாத்தையும் அவரு கிழிச்செறிஞ்சுட்டாரு. ஆனா அந்த நிக்கச் சொன்ன தாள நிரோஷா முன்னமே ஃபோன்ல படம் எடுத்து வச்சிருக்கா, அப்பாவுக்குப் பாடம் சொல்றாங்களாம் பாருன்னு சிரிக்கிறதுக்கு எடுத்தது. மத்த எல்லாத் தாளுலயும் கீழ புத்தகத்தோட பேரு போட்டிருக்கும். இதுல மட்டும் இல்ல. நானும் டவுன்ல மூணு புத்தகக் கடை ஏறி எறங்கினேன். உக்காரக் கூடாதுன்னு சொல்ற புத்தகம் இருக்கான்னு கேட்டா, கல்லாவுல இருந்த புள்ள வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. ஒரு சுவரு பூரா அந்தச் சாமானுதான் அடுக்கியிருக்கு, அம்மா, இதுல எதுன்னு தேடுறதுன்னு. ரெண்டு மணித்தியாலம் நின்னுக்கிட்டே பொருளடக்கமாப் பொரட்டினேன். கெடைக்கல. ஆனா இப்ப எனக்கு வேலை லேசாப் போச்சு.

— எப்பிடி?

— எப்பிடியா? படிச்சவளே நீதான்னு சொல்லிட்டியே! பேரச் சொல்லு. நாளைக்குக் காலையில வாங்கிக் கொண்டு போயி நோனா மேசையில வைக்கிறேன். அதுல கதிரைய எடுன்னு போட்டிருக்கான்னு அவங்களே பாக்கட்டும்.

— எனக்கு... ஞாபகமில்ல, அக்கா.

— ஞாபகமில்லையா? ரெண்டு வருசத்துக்கு முந்தி நான் போட்ட டீயில சீனி கொறஞ்சத ஞாபகம் வச்சிருக்குறவ நீ. ஆடி மாசம் படிச்ச புத்தகம் ஞாபகமில்லையா?

— எவ்வளவோ புத்தகம் படிச்சதால கலந்து போச்சி.

— மொதலாளிக்குப் பயப்படுறியா? பயப்படாத. நீ சொன்னேன்னு நான் சொல்ல மாட்டேன். கடையில கண்டெடுத்தேன்னு சொல்லிக்கிறேன்.

— அவருக்குப் பயமில்ல. இந்த வேலையும் இனி வாணாம் எண்டு பஸ்ஸுல வரக்குள்ளயே முடிவெடுத்துட்டேன்.

— அப்பறம் என்னா? ஆஸிகா, ஒன் மனச்சாட்சியத் தொட்டுச் சொல்லு. இத்தன புத்தகம் படிச்சியே, ஒண்ணுலகூடவா நேர்மைன்னு ஒரு பாடம் இல்ல? உள்ள ஒருத்தரு ஒத்தக் காலோட கெடக்குறாரு. ஒரு பேரத்தானே கேக்குறேன். எழுதினவன் பேரு தெரியாட்டிப் போகுது, அட்டை என்ன நிறம்னாவது சொல்லு.

— அட்டையே இல்ல, அக்கா.

— அட்டை கிழிஞ்ச புத்தகமா?

— அந்தக் கிழம மகளுக்குக் காய்ச்சல். நூத்தி மூணு. மூணு நாளா மடியில வெச்சிகொண்டே ஈந்த. மொதலாளி குடுத்த புத்தகத்துல பொலித்தீன்கூட நான் பிரிக்கல்ல.

— பிரிக்காம எப்பிடி அஞ்சு பாடம் எழுதின?

— நாலு பாடத்த பழைய தாள்கள்லேந்து சொல்ல மாத்தி மாத்தி எழுதின. அஞ்சாவதுக்கு ஒண்டும் வரல்ல. மொதலாளி மேசைக்குப் பக்கத்துல வந்து நிண்டுகொண்டு கேட்டுட்டே ஈக்கிறார்.

— அப்ப, அந்த அஞ்சாவது எந்தப் புத்தகத்துலருந்து வந்துச்சு?

— அந்த வியாழக்கிழம காலையில புள்ளைய மாமிக்கிட்ட குடுத்துட்டு, மூணு நாள் நித்திரயில்லாத கண்ணோட பிந்தி ஓடி வாறேன். வாசல்ல கறுப்பையாண்ணன் கதிரையில சாஞ்சி நல்ல நித்திர. எனக்கில்லாத நித்திர இவருக்கு மட்டும் என்னத்துக்கு எண்டு ஒரு எரிச்சல் வந்த, அக்கா. மேல ஏறிப் போய் அதத்தான் நான் அஞ்சாவது பாடமா எழுதிக் குடுத்த.